வலப்பக்கச் சிரிப்பு

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் கேட்டுத் தொடங்குவது முறை என்பதால் உன்னையும் அத்தானையும் பாப்பாவையும் விசாரித்துக்கொள்கிறேன். என் நலத்தை நீ கேட்க வேண்டாம். அந்த வேலையை நான்கு பேர் பங்கு போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

உன்னிடம் பல்வலி என்று சொல்லி வைத்திருந்தேன். பல் இல்லை, முகநரம்பு. ஒரே வைத்தியத்துக்கு இது அடங்காது, பலதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்றார் நரம்பு டாக்டர். சேர்த்தாயிற்று, சேர்ந்தவர்களுக்குள்தான் சேரவில்லை. டாக்டர் கொடுத்த மாத்திரையில் நாளெல்லாம் தூக்கம், தாடைப் பயிற்சி தரும் அம்மாள் "தூங்கி வழியாதீங்க, வாயை நல்லாத் திறங்க" என்கிறார், அக்குபங்சர் ஊசி குத்தும் பெரியவர் "வாயைத் திறந்தா நான் குத்தினதெல்லாம் வீண்" என்கிறார், மனநல ஆலோசகரோ "உள்ள இருக்கிறதைக் கொட்டிடுங்க" என்று காத்திருக்கிறார். வாயைத் திறக்காமல் எங்கிருந்து கொட்டுவது? நடுவில் கொஞ்சம் வலி குறைந்தது. "நான் சொன்னேன்ல?" என்றார்கள் நால்வரும். வலி திரும்பக் கூடியதும் ஆளுக்கு மற்ற மூன்று பேரைக் கைகாட்டினார்கள்.

சிரித்தால் இடக்கன்னத்தில் கரண்ட் அடிக்கிறது. அதனால் வலப்பக்கம் மட்டும் சிரிக்கப் பழகிவிட்டேன். சாப்பிடும்போது எனக்கு வலப்பக்கம் அப்பா, இடப்பக்கம் அம்மா. "பாரேன், புள்ள சிரிக்கிறா" என்பார் அப்பா. "எங்க சிரிக்கிறா? மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கா. என் சமையல்னாலே அவளுக்கு இளக்காரம்" என்பாள் அம்மா. இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். நூலகத்தில் மட்டும் எனக்கு நல்ல பெயர். கவுண்டரில் உட்கார்ந்தால் இடக்கன்னம் வாசலைப் பார்த்திருக்கும். 'அமைதி காக்கவும்' பலகை இனித் தேவையில்லை என்று தலைமை நூலகர் கழற்றி வைத்துவிட்டார்.

கடைசியாகப் பாப்பாவோடு வந்த அன்றைக்கு நீயும் இடப்பக்கம்தான் உட்கார்ந்தாய். பாப்பா "சித்தி" என்று அந்தக் கன்னத்திலேயே கையை வைத்தாள். நான் கத்தி, அவள் கையைத் தட்டிவிட்டேன். "குழந்தை தொட்டா அவ்வளவு அருவருப்பாடீ உனக்கு?" என்று கேட்டாய். இல்லைன்னு சொல்ல வாயைத் திறக்கணும்க்கா. திறந்தா இன்னொரு தடவை அடிக்கும். அது அடங்கி நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள வாசல்ல உன் செருப்பு இல்ல. அப்புறம் நீ ஃபோனும் எடுக்கல. எடுத்திருந்தாலும் நான் என்ன பேசியிருப்பேன்?

இதைச் சமாதானம் என்று நினைக்காதே; தகவல். நீ வர வேண்டாம். ஒரு குழந்தையின் கைக்குப் பயந்து உட்கார்ந்திருப்பதைவிட அவளைப் பார்க்காமல் இருப்பது எனக்குச் சுலபம். பழகியும் விட்டது. அத்தானுக்கு என் வணக்கம். பாப்பாவுக்கு என் ஆசிகள், எட்ட நின்று.

இப்படிக்கு,
உன் தங்கை

பி.கு.: ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்பேன். பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வா. என் வலப்பக்கம் உட்கார். அவள் இடப்பக்கம்தான் வருவேன் என்று அடம்பிடித்தால் தடுக்காதே. நான் கத்துவேன். நீ எழுந்து போகாமல் இருந்தால் போதும்.