மாலக்கிக்காக ஒரு பூசை

வாராந்தர அறிவிப்புத் தாளான பங்கு மடல் முந்நூறு பிரதியையும் கோயில் இருக்கைகளில் வைத்துவிட்டு, ஒரு வாய் தேநீர் குடிக்க உட்கார்ந்தபோதுதான் கோயில் செயலர் கன்செப்டா அந்த வரியைப் படித்தாள்.

"சனி மாலைப் பூசை: அண்மையில் இறைவனடி சேர்ந்த மாலக்கி டூஹியின் ஆன்மா இளைப்பாற."

தேநீர் புரையேறியது. டிராக்டர் பழுதுபார்க்கும் மாலக்கியை அன்று காலைதான் கறிக்கடையில் பார்த்திருந்தாள். ஆட்டுத் தொடையில் பாதி கொழுப்பு என்று கடைக்காரரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். செத்தவர் போடுகிற சத்தமா அது!

யாருக்காகப் பூசை வைக்கவேண்டும் என்று ஜனங்கள் பெட்டியில் போடும் சீட்டுகளைப் பார்த்துத் தட்டச்சு செய்வது அவள்தான். எந்தச் சீட்டைப் பார்த்து எந்தப் பேரைத் தட்டித் தொலைத்தாளோ? சீட்டுகள் குப்பை வண்டியோடு போய்விட்டன. பதினோரு வருஷத்தில் ஒரு கல்யாண மாப்பிள்ளையின் பேரைக்கூட அவள் மாற்றிப் போட்டதில்லை. இப்போது பார்த்தா இப்படி? பக்கத்துப் பங்குக்கும் சேர்த்து ஒரே செயலர் போதும், யாரை வைத்துக்கொள்வது என்று ஆயர் யோசித்துக்கொண்டிருக்கும் மாதத்திலா?

மாலக்கியின் மனைவி டிம்ப்னா பக்கத்து மண்டபத்தில்தான் பூசைக்குப் பிந்தைய தேநீருக்குக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் விழிக்கக் கன்செப்டாவுக்குத் தைரியம் வரவில்லை. கறுப்பு மார்க்கரை எடுத்துக்கொண்டு கோயிலுக்கு ஓடினாள். முந்நூறு மடலிலும் அந்த வரியை அடித்து முடித்தபோது விரல்கள் கரியாகியிருந்தன.

அதுவரை மழைக்குத் தலையில் பிடிக்க மட்டுமே மடலைப் பயன்படுத்திய ஜனங்கள், அன்று மாலைப் பூசைக்கு வந்து கறுப்புக் கோட்டைக் கண்டதும் அதை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்கள்.

"என்னத்தயோ மறைக்கிறாங்கடி."

"மா... லக்... அட, நம்ம மாலக்கி டூஹி! போய்ட்டானா?"

"அதை ஏன் அடிச்சு வச்சிருக்காங்க?"

"வெளிய சொல்ல முடியாத சாவா இருக்கும்."

கன்செப்டா பீடத்துக்குப் பின்னால் ஓடினாள். ஃபாதர் ஃபினியன் பூசை உடைக்குள் தலையை நுழைத்துக்கொண்டிருந்தார்.

"ஃபாதர், மாலக்கி சாகல! என் தப்பு. நீங்களே சொல்லிடுங்க, உங்க வாயால சொன்னாத்தான் நம்புவாங்க."

"பதறாதீங்கம்மா. ரெண்டு வார்த்தைல முடிச்சிடறேன்."

அவருக்கு ஒரு வாரமாக நெஞ்சுச் சளி.

"அன்பானவர்களே, மாலக்கி டூஹி இறந்துவிட்டார் என்று..."

இருமல் வந்தது. கைக்குட்டை எந்தப் பையில் இருக்கிறதென்று தெரியாமல் அங்கியைத் தடவினார். முன்வரிசை ஓனாவுக்குப் பொறுமை இல்லை; இறந்தோருக்கான ஜெபத்தைத் தொடங்கிவிட்டாள்.

"நித்திய இளைப்பாற்றியை அவருக்கு அளித்தருளும் ஆண்டவரே!"

"முடிவில்லாத ஒளி அவர்மேல் ஒளிர்வதாக!" என்றது கோயில் முழுவதும், முழங்காலில் விழுந்து. "...தவறாக அச்சாகிவிட்டது" என்று ஃபாதர் முடித்தபோது பாடகர் குழு துக்கப் பாட்டையே எடுத்துவிட்டது.

சவப்பெட்டிக் கடை டெக்லன் கைப்பேசியோடு நைசாக வெளியே நழுவுவதைக் கன்செப்டா பார்த்தாள். பின்னாலேயே பாய்ந்தாள். அவர் ஏற்கெனவே மாலக்கி வீட்டுக்குப் போன் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்.

"டிம்ப்னா அம்மாவா? ரொம்ப வருத்தமான சேதி. ஒண்ணும் கவலைப்படாதீங்க, ஓக் மரத்துலயே செஞ்சிடலாம். மாலக்கி அண்ணன் உயரம் எவ்ளோ இருப்பாரு?"

"ஆறடி ரெண்டு அங்குலம்டா!" கைப்பேசி மாலக்கியின் குரலில் அலறியது. "அங்கயே இரு, நேர்ல வர்றேன், அளந்துக்க!"

பிரசங்கம் பாதியில் இருக்கும்போது கதவு படாரென்று திறந்தது. எண்ணெய்க் கறை படிந்த வேலை உடுப்போடு, கையில் ஸ்பானரோடு மாலக்கி நின்றார்.

"எவன்டா என்னைக் கொன்னது?"

ஓனா வீறிட்டாள். கன்செப்டா தூணுக்குப் பின்னால் ஒண்டினாள். ஃபாதர் மட்டும் அசரவில்லை.

"வாங்க மாலக்கி. உக்காருங்க. இன்னும் ரெண்டே குறிப்புதான்."

திரும்பிப் போக வழி இல்லை. இரண்டு பக்கமும் ஆட்கள் கட்டிப் பிடித்து, அழுது, அவரை வரிசைக்கு நடுவில் செருகிவிட்டார்கள். மற்றவர்கள் எழுந்தபோது உட்கார்ந்தார், உட்கார்ந்தபோது எழுந்தார். பூசையில் ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் சமாதானம் சொல்லும் நேரத்தில் அவர் பல வருஷம் பேசாமலிருந்த கறிக்கடைக்காரரின் தம்பிகூடக் கையைப் பிடித்துக் குலுக்கி, "நல்லவேளை, உசிரோட இருக்கே!" என்று விம்மினான். மாலக்கிக்கு மூக்கு சிவந்தது. கடைசிப் பாட்டுக்கு வாயைக்கூட அசைத்தார்.

பூசை முடிந்ததும் கன்செப்டா ராஜினாமாக் கடிதத்தை மனசுக்குள் எழுதிக்கொண்டே மண்டபத்துக்குப் போனாள். டிம்ப்னா தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, என்னை மன்னிச்சிடுங்க. தாலியறுத்த மாதிரி ஒரு வேலை பண்ணிட்டேன். இன்னியோட இந்த வேலையை விட்டுடறேன். எப்படி அந்தப் பேரை டைப் அடிச்சேன்னே தெரியல..."

டிம்ப்னா மண்டபத்து மூலையைப் பார்த்தாள். அங்கே ஊர்க்காரர்கள் சூழ நின்று மாலக்கி கேக் தின்றுகொண்டிருந்தார். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"உளறாதடி, நீ சரியாத்தான் அடிச்சே. முப்பத்தோரு வருஷம் ஜெபமாலை சொல்லிப் பாத்துட்டேன், அந்த மனுஷன் கோயில் படி மிதிக்கல. அதான் சீட்டு எழுதிப் போட்டேன்."