படையலுக்கு வைத்த கேமரா

விலை கம்மி என்று ஒரு பொருளை வாங்கினால் அது ஒரு தடவைதான் ஏமாற்றும் என்று நினைக்கிறோம். தப்பு. அது நம் வீட்டிலேயே தங்கி, நம் கரண்டிலேயே ஓடி, தினம் ஒரு தினுசாக ஏமாற்றும். நான் வாங்கிய கேமரா அந்த ஜாதி.

எங்கள் ஊர் திருவிடந்தை. நைனா ஒரு லோடு ஆட்டோ வைத்துக்கொண்டு ஈசிஆர் ஓட்டல்களுக்குத் தண்ணீர் கேன் போட்டுவந்தார். நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு அவரோடு கேன் தூக்கினேன். போன வருஷம் ஒரு நாள் காலையில் லோடு இறக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அன்றைக்கு அம்மா உப்புமா கிண்டியிருந்தாள். நைனாவுக்கு உப்புமா என்றாலே ஆகாது. "இத நீயே துண்ணு" என்று சொல்லிவிட்டு வெறும் வயிற்றோடு வண்டியை எடுத்தார். அம்மாவிடம் அவர் பேசிய கடைசி வார்த்தை அதுதான். (வேற எதனா பேசிட்டுப் போயிருக்கக் கூடாதா, மனுஷன்.) "பசியோட அனுப்பிட்டேனே" என்று அம்மா அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். தட்டில் சோற்றைப் பிசைவாள், பிசைந்துவிட்டுக் கை கழுவுவாள். என் அக்கா சுதா ஊட்டிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், திட்டியும் பார்த்தாள். ஒரு வாய் இறங்கவில்லை.

இந்த லட்சணத்தில், வாசலில் நின்ற லோடு ஆட்டோவிலிருந்து எவனோ டீசலை உறிஞ்சிக்கொண்டு போனான். வாசலில் சாவுப் பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. ஒரு வாரம் பொறுக்க முடியவில்லை அவனுக்கு.

"கேமரா ஒண்ணு மாட்டு மச்சான்" என்றான் பிரகாஷ். என் கூடப் படித்தவன், ஊரப்பாக்கம் ஸ்டேஷன் பக்கத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறான். "ரெக்கார்டு ஆவும், ராத்திரிலயும் தெரியும், நீ போன்லயே பாத்துக்கலாம், பேசக்கூட பேசலாம்."

"கம்மில இன்னா கீது?"

அவன் மேசைக்கு அடியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தான். கம்பெனி பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஓர் ஆந்தை படம் போட்டிருந்தது. ரெக்கார்டிங்கை கம்பெனிக்காரனே பத்திரமாக வைத்திருக்க மாதாமாதம் பணம் கட்ட வேண்டுமாம். எங்க தெருவ நாங்க பார்க்க எவனுக்கோ சந்தா கட்டணுமா என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "மெமரி கார்டு போட்டுக்கோ, ஒரே செலவோட போவும்" என்றான். அதிலேயும் மலிவானது ஒன்று இருந்தது. மேலே அச்சடித்திருந்த ஜிபிக்கு எங்கள் ஊர்க்காரர்கள் அத்தனை பேர் கல்யாண வீடியோவையும் அதில் அடைக்கலாம். அதை எடுத்தேன்.

வீட்டில் வைஃபை கிடையாது. சுதாவின் போன் ஹாட்ஸ்பாட்டில்தான் கேமரா உயிர் வாழ்ந்தது. அவள் கடைக்குப் போனால் கேமரா செத்துவிடும். அவள் ரீல்ஸ் பார்த்தால் கேமரா இருமும். ஆக, திருடன் வருவதாக இருந்தால் சுதா வீட்டில் இருக்கும்போது, அவள் போன் பார்க்காத நேரமாகப் பார்த்து வரவேண்டும். அப்படி ஒரு நேரம் கிடையவே கிடையாது.

ஆள் வந்தால் போனில் மணியடிக்கும் என்று பிரகாஷ் சொன்னது உண்மைதான். கொடியில் காயும் என் கைலியை அது ஆள் என்றது. பறந்து வந்த பிளாஸ்டிக் கவரை ஆள் என்றது. நான் எதிரே போய் நின்று இரண்டு கையையும் ஆட்டினேன். அது மூச்சு விடவில்லை. ஆனாலும் திரை ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் ராப்பகலாக மின்னிக்கொண்டிருந்தது. ரெக்கார்டு ஆகிறது என்று அர்த்தமாம். அதை நம்பித்தான் நான் தூங்கினேன்.

காரியத்துக்கு முந்தின நாள் வந்தது. எங்கள் பக்கத்தில் அன்று சாயங்காலம் இறந்தவருக்குப் பிடித்ததை எல்லாம் சமைத்து, இலை போட்டுப் படைத்துவிட்டு, எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்துவோம். அவர் வந்து சாப்பிட்டுப் போவார். அந்த நேரத்தில் யாரும் உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது. கறிக்குழம்பு, இறால் தொக்கு, வஞ்சிரம் வறுவல், ஒரு குவார்ட்டர், ஒரு கட்டு பீடி என்று எல்லாம் வைத்தாயிற்று. கதவைச் சாத்தப் போகும்போது அம்மா என் கையைப் பிடித்தாள்.

"டேய், அந்த கேமராவ உள்ள திருப்பி வை."

"எதுக்கும்மா?"

"அவரு சாப்ட்டாரான்னு தெரியணும்டா எனக்கு."

நைனாவின் அக்கா, என் அத்தை, சண்டைக்கு வந்துவிட்டாள். "எட்டிப் பாக்கக் கூடாதுன்றது தெரியாதா ஒனக்கு? அவன் வாசலோட திரும்பிப் பூடுவான்!"

"நான் எங்க பாக்கறேன்? கேமராதான பாக்குது" என்றாள் அம்மா.

அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். தெருவைப் பார்த்துக்கொண்டிருந்த கேமராவைக் கழற்றிக்கொண்டுபோய், இலையைப் பார்க்கிற மாதிரி பீரோ மேல் வைத்துவிட்டு வந்தேன். கதவைச் சாத்தினோம்.

பந்தலில் நின்ற மொத்தக் கூட்டமும் என் போனைச் சுற்றி அடைந்துவிட்டது. திரையில் இலை தெரிந்தது, விளக்கு தெரிந்தது. மற்றதெல்லாம் கஞ்சித் தண்ணி மாதிரி கலங்கலாகத் தெரிந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மணியடித்தது.

சுதா எட்டிப் படித்தாள். "ஆளு வந்துகீதுன்னு காட்டுதுடா."

"கைலிய அங்க எவன் காயப்போட்டான்?" என்று நான் கேட்டு முடிக்கவில்லை. படத்தின் ஓரத்திலிருந்து ஒரு கை நீண்டது. கை மட்டும்தான். மணிக்கட்டு தடித்த, நைனாவுக்கு இருந்த மாதிரியே காய்த்த கை. குவார்ட்டரை எடுத்தது.

அத்தை "தம்பீ" என்று அலறினாள். யாரோ கற்பூரம் தேடி ஓடினார்கள். பொய் சொல்ல மாட்டேன், நான் நம்பிவிட்டேன். முதலில் தோன்றியது என்ன தெரியுமா? 'நைனா, வண்டில கிளட்ச்சு அடிக்குது, இன்னா பண்றதுன்னே தெரியல, சொல்ட்டுப் போ' என்று கேட்கவேண்டும் என்றுதான் தோன்றியது. அழுதுகொண்டே கிளட்ச்சைப் பற்றி யோசித்தவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

"இதுல பேசலாம்னியே, எதடா அமுத்தணும்?" அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள். நானே பொத்தானைக் காட்டினேன்.

"யோவ்! உப்புமா கிண்டனது என் தப்புதான்யா. கோச்சிக்காத. சாப்புடுய்யா. பூரா சாப்புடு. மிச்சம் வெக்காத!"

உள்ளே கேமரா அதை ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி முழங்கியது, கதவுக்கு வெளியிலும் கேட்டது. திரையில் அந்தக் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. பிறகு மெதுவாகக் குவார்ட்டரை வைத்துவிட்டு, சோற்றில் இறங்கி, ஒரு கவளம் உருட்டியது.

அத்தோடு படம் உறைந்துவிட்டது. சுதாவின் அன்றைய டேட்டா தீர்ந்துபோனது.

"காலைலருந்து ரீல்ஸ் பாத்தியாடி?" என்று நான் கத்த, "ஒன் கேமராதான்டா எல்லாத்தையும் குடிச்சிச்சி!" என்று அவள் கத்த, சாவு வீட்டு வாசலில் நைனா உருட்டிய சோறு திரையில் அப்படியே நிற்க, நாங்கள் டேட்டாவுக்குச் சண்டை போட்டோம்.

கதவைத் திறந்தோம். இலை பளபளவென்று கழுவிவிட்ட மாதிரி இருந்தது. குவார்ட்டர் காலி. ஒரு பீடி பாதி எரிந்திருந்தது. அம்மா இலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அங்கேயே உட்கார்ந்து, "சுதா, எனக்கு சோறு போடுடி" என்றாள். மறுசோறும் வாங்கிச் சாப்பிட்டாள். சுதா பரிமாறிக்கொண்டே அழுதாள்.

மறுநாள் காரியம் முடிந்து வண்டியை எடுக்கப் போனேன். சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை. இறங்கிப் பார்த்தால் பேட்டரி இல்லை. முந்தின சாயங்காலம், கேமரா உள்ளே திரும்பியிருந்தபோது, ஊரே என் போனில் தலையைக் கவிழ்த்திருந்தபோது, பந்தலுக்குப் பின்னாலேயே ஒருத்தன் ஸ்பானர் போட்டு நிதானமாகக் கழற்றியிருக்கிறான். கூட்டத்தில் அவனும் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தால்கூட ஆச்சரியமில்லை.

பேட்டரி போனால் போகிறது, அந்த வீடியோவாவது வேண்டும் என்று கார்டைக் கழற்றிக்கொண்டு பிரகாஷ் கடைக்குப் புறப்பட்டேன். நைனாவின் தம்பி, என் சித்தப்பா, கூப்பிடாமலே பைக்கில் பின்னால் ஏறிக்கொண்டார். கேளம்பாக்கம் தாண்டியதும் மெல்ல ஆரம்பித்தார்.

"ஏன்டா, அதுல கைதான் தெரியும்? மூஞ்சி தெரியுமா?"

"கம்ப்யூட்டர்ல போட்டா பெருசு பண்ணிப் பாக்கலாமாம் சித்தப்பா."

"வண்டிய ஓரங்கட்டு."

நிறுத்தினேன். அவர் இறங்கி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பின்கதவு வழியா நான்தான்டா போனேன். உங்க நைனா என்னிக்குமே தனியா குடிச்சதில்ல. எனக்கு ஒரு மூடியாவது ஊத்தாம வாய்ல வெக்க மாட்டாரு. அங்க எலைல ஒத்தையா கீதேன்னு மனசு கேக்கல. ஒரு மடக்குதான் நெனச்சேன். அதுக்குள்ள பீரோ மேலருந்து அண்ணி சாப்புடுய்யான்றாங்க. பூரா சாப்புடுன்றாங்க. மிச்சம் வெக்காதன்றாங்க. நான் இன்னாடா பண்ணுவேன்? பயத்துல அள்ளி அள்ளிப் போட்டுக்கினேன். வஞ்சிரம் முள்ளு தொண்டைல குத்திச்சி, அதையும் முழுங்கினேன்டா!"

எனக்கு அவரை அங்கேயே ரோட்டில் விட்டுவிட்டுப் போகவேண்டும் போல இருந்தது. கோபம் வந்தது, சிரிப்பு வந்தது, கூடவே கேவலும் வந்தது. எல்லாம் ஒன்றாக வந்ததில் எனக்கு விக்கல் பிடித்துக்கொண்டது. சித்தப்பா முதுகில் தட்டினார். அதே தடித்த கை.

"அம்மாகிட்ட சொல்லாத. சாப்புட ஆரம்பிச்சிகிறாங்க" என்றார்.

கார்டைப் பிரகாஷ் கம்ப்யூட்டரில் போட்டான். போலிக் கார்டு. மேலே எழுதியிருந்தது ஒரு கடல், உள்ளே இருந்தது ஒரு சொம்பு. சொம்பு நிரம்பியதும் மிச்சத்தை எல்லாம் கீழே ஊற்றியிருக்கிறது. அதில் உருப்படியாக ஓடியது ஒரே ஒரு வீடியோ: நான் கேமரா எதிரே நின்று இரண்டு கையையும் ஆட்டுவது. "சூப்பரா பதிஞ்சிகீது மச்சான்" என்றான் அந்தப் பாவி.

வீட்டுக்கு வந்து "கார்டு கெட்டுப்போச்சும்மா" என்றேன். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

"அதுல பாக்கறதுக்கு இன்னா கீது? உங்க நைனா கறிவேப்பிலைய பொறுக்கிப் பொறுக்கி ஓரமா வெப்பாரு. அந்த எலைல ஒண்ணுகூட இல்ல. உங்க சித்தப்பனாண்டதான் அது மிஞ்சாது."

"தெரிஞ்சிகினேவா நீ மறுசோறு வாங்கி சாப்ட்ட?"

"நான் சாப்புடுன்னேன். அவன் எதுத்து ஒரு வார்த்த பேசாம சாப்ட்டான். உங்க வூட்டு ஆம்பள ஒருத்தன் இத்தினி வருஷத்துல நான் சொன்னத கேட்டது அன்னிக்குதான்."

இப்போது எங்கள் வீட்டில் யார் தட்டை வழித்துச் சாப்பிட்டாலும், "கறிவேப்பிலை கூட மிஞ்சல, சித்தப்பா வந்துட்டுப் போனாரா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. சித்தப்பா எதிரிலேயே கேட்போம். அவருக்கு மானம் போகும், ஆனால் கை நிற்காது. வருஷத் திதிக்கும் அதே மாதிரி இலை போட்டோம். எல்லோரும் வெளியே வந்தோம். முன்கதவைச் சாத்திவிட்டு அம்மா, கூட்டத்தில் கடைசியாக முழித்துக்கொண்டு நின்ற சித்தப்பாவைப் பார்த்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி ஒரு குரல் கொடுத்தாள்.

"பின்கதவுக்குத் தாப்பா போடல. போ, ஆறிடப் போவுது!"