கூட்டம் சேர்த்த மன்றம்

ஆனந்தக் கூத்தன் வழிபாட்டு மன்றத்தில் அந்த வெள்ளிக்கிழமையும் ஏழு பேர்தான். ஏழு பேரும் பாடுகிறவர்கள். கேட்பதற்கு ஓர் ஆள் இல்லை.

"ஆண்டு விழாவுக்காச்சும் நாப்பது பேரு வரணும் அருளு. இல்லேன்னா மன்றத்த மூடிருவோம்" என்றார் தலைவர் ஆசைத்தம்பி. அவர் தச்சுப் பட்டறைக்காரர். அவர் பேச்சு அறுத்த மரம் மாதிரி, திரும்ப ஒட்டாது.

செயலாளர் அருள்முருகன் அதே பட்டறையில் தச்சு வேலை செய்கிறவர். வாரம் முழுக்க அடுத்தவர் வீட்டுக்குக் கதவும் ஜன்னலும் செய்கிற மனிதருக்கு, வெள்ளிக்கிழமை பதிகம் பாடும் அந்த ஒரு மணி நேரம்தான் சொந்தம். அதையும் விட்டுக்கொடுக்க அவருக்கு மனசில்லை.

ஊருக்குள் நாலு பேருக்குத் தெரிந்தால் கூட்டம் தானாக வரும் என்று நினைத்தார். தோதாக, செக்காலைப் பக்கம் ஒரு பெரிய வீட்டில் கேதம். துக்க வீட்டில் பதிகம் பாடுவது வழக்கம். பாட ஆள் கிடைக்கவில்லை என்றார்கள். அருள்முருகன் மன்றத்தையே திரட்டிக்கொண்டு போய் உருகி உருகிப் பாடினார். அதுவரை அழாத மருமகள்கூட அழுதுவிட்டாள்.

பெயர் பரவியது. ஆத்தங்குடி, கீழச்சிவல்பட்டி வரை எந்த வீட்டில் உயிர் போனாலும், சொந்தக்காரர்களுக்கு முன்னால் அருள்முருகனுக்குத்தான் போன் வந்தது.

ஆனால் வெள்ளிக்கிழமை மன்றத்துக்கு ஈ காக்கை வரவில்லை. அதுகூடப் பரவாயில்லை. எதிரே வந்தவர்கள் அவரைக் கண்டதும் வேறு தெருவில் திரும்பினார்கள்.

நல்ல காரியத்திலும் பாடிவிட்டால் சரியாகிவிடும் என்று, ஒரு புதுமனை புகுவிழாவுக்கு ஏழு பேரும் தாளத்தோடு போனார்கள். வீட்டுக்காரர் வாசலிலேயே மறித்துக்கொண்டார்.

"எங்க அய்யா நல்லாத்தான் இருக்காக. நீங்க போயிட்டு வாங்க."

அருள்முருகன் வீடு வீடாக விழா அழைப்பிதழ் கொடுக்கப் போனார். ஒரு கதவும் திறக்கவில்லை. அந்தக் கதவுகளில் பாதி அவரே செய்தவை.

மனசு நொந்துபோய், மூட்டுவலிக்கு ஊசி போட ஆஸ்பத்திரியில் இருந்த சித்தப்பா சோணைமுத்துவைப் பார்க்க ஆரஞ்சுப் பழத்தோடு போனார். வாசலில் அவர் தலையைக் கண்டதும் சித்தி நாகஜோதி ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள். நர்ஸ் ஓடி வந்தார். சித்தப்பாவே சந்தேகப்பட்டுத் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அருள்முருகனின் மனைவி சீதாலட்சுமிக்குப் பொறுக்கவில்லை.

"விழா வரைக்கும் வெளிய தலகாட்டாதீக. விழாவ நம்ம வீட்டுலயே வச்சுருவோம். யாரையும் கூப்பிட வேணாம். பாட்டுச் சத்தம் கேட்டு வாரவுக வரட்டும்."

அப்படியே செய்தார். பட்டறைக்குப் போகவில்லை, டீக்கடைக்குப் போகவில்லை, போனையும் அணைத்து வைத்தார். விழா அன்று விடிந்ததும் வாசலில் சாமியானா போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கி, ஒலிபெருக்கி கட்டினார்கள். தன்னைப் பார்த்தால் வருகிறவர்களும் ஓடிவிடுவார்கள் என்று அருள்முருகன் உள்ளறையிலேயே இருந்துகொண்டார். மற்ற ஆறு பேரும் வாசலில் உட்கார்ந்து பாடினார்கள்.

காலைப் பலகாரம் முடிவதற்குள் நாற்காலிகள் நிறைந்தன. பிறகு தெருவே நிறைந்தது. ஆத்தங்குடியிலிருந்து வேன் பிடித்து வந்திறங்கினார்கள். கூட்டத்தைப் பார்த்த ஆசைத்தம்பி கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பாடினார். ஒரு முகத்திலும் சிரிப்பில்லை, பேச்சில்லை. என்ன பக்தி என்று ஜன்னல் வழியாகப் பார்த்து அருள்முருகன் நெகிழ்ந்துபோனார். மன்றம் பிழைத்துவிட்டது.

சந்தோஷத்தில் அவருக்கு உள்ளே இருப்புக் கொள்ளவில்லை. மோர் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாகச் சுற்றி வந்தார். கடைசி வரிசையில் அறிமுகமில்லாத ஓர் அம்மாள், மடியில் ரோஜா மாலையோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒரு டம்ளர் மோரை நீட்டினார்.

"வெயில்ல இம்புட்டுத் தூரம் வந்திருக்கீகளே ஆத்தா, ரொம்பச் சந்தோசம்."

அந்த அம்மாள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மோரைக் குடித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஊருச் சாவுக்கெல்லாம் வந்து பாடுன மனுசன், அவருக்கு நாம வராம இருக்கலாமா? எத்தன மணிக்கு எடுக்குறாக தம்பி?"