வல்லிபுரத்தின் நெட்டைத் தக்காளி

இந்தக் காலத்துச் சனத்துக்குக் கண் எதற்கு இருக்கிறதென்று வல்லிபுரத்துக்கு விளங்கவில்லை. ஒரு செடி காய்க்குமா காய்க்காதா என்பது பார்த்தாலே தெரியும். இவர்கள் அதை நாடா பிடித்து அளந்து, கொப்பியில் எழுதி, அதற்குப் பிறகுதான் நம்புகிறார்கள்.

வந்தாறுமூலைக் கெம்பஸிலிருந்து பயிர் ஆராய்ச்சிக்கு வருகிற சீதேவி மிஸ்ஸும் அப்படித்தான். வவுணதீவில் வல்லிபுரத்தின் வீட்டு வளவில், குட்டையாக வளரும் கட்டைத் தக்காளி இருபது நட்டிருந்தாள். கெம்பஸ் விதை. பக்கத்தில் இருபது நெட்டை. அது வல்லிபுரம் வருஷம் வருஷமாக எடுத்துவைத்த விதை. கைவசம் இருந்த கடைசி மணிவரை அதில்தான் போட்டிருந்தார். எது கூடுதலாகப் பழம் தருகிறதோ அந்த விதைதான் அடுத்த போகத்துக்கு ஊரெல்லாம். தோற்றால் தன் கையாலேயே பிடுங்குவதாகவும் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை தோறும் மிஸ் வந்து பழுத்ததை எண்ணிப் பறிப்பாள்.

"கட்டையில செடிக்குப் பன்னிரண்டு. நெட்டையில ஒன்பது."

"அணில் திண்டிரிக்கும்."

"அணிலுக்கு நெட்டை கட்டை தெரியுமா ஐயா?"

வல்லிபுரம் நெட்டைகளுக்கெல்லாம் கம்பு நட்டு நிமிர்த்திக் கட்டினார். அடுத்த வெள்ளி ஆறு.

"உரம் காணாது புள்ள. யூரியா கொண்டு வா."

"யூரியாவ சென்றியில நிக்கிற ஆமிக்காரனுகள் விடமாட்டானுகள். என்ட அளவுநாடாவையே மூணுதரம் விரிச்சுப் பார்த்தானுகள்."

சாணியைக் கரைத்துக் குடம் குடமாக ஊற்றினார். நெட்டைகள் அவருடைய நெஞ்சுக்கு வந்தன. நீளக் கம்பு கட்டிய விளக்குமாற்றால் முற்றம் கூட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி சின்னத்தங்கம் நிமிர்ந்தபடியே பார்த்தாள்.

"இப்பதான் செடி செடி மாதிரி இரிக்கு."

"மனிசிக்குத் தெரியுது. கெம்பஸுக்குத் தெரியல்ல."

அன்று பகல் தக்காளி ஆணத்தைச் சோற்றில் இரண்டாம் முறையும் ஊற்றிச் சாப்பிட்டார்.

அடுத்த வெள்ளி நாலு.

"பூ நிறைய, காய் நிறைய. பழம் மட்டும் எங்க புள்ள போகுது?"

"செடிட சத்தெல்லாம் தண்டுக்குப் போகுது ஐயா. உயரம் கூடக் கூடப் பழம் குறையுது." மிஸ் கொப்பியை மூடினாள். "இவ்வளவு ஒழுங்கா ஒரு கணக்கு எனக்கு வந்ததே இல்ல."

சொன்ன சொல் சொன்னதுதான். மிஸ் போனதும் இருபதையும் வேரோடு பிடுங்கி மாட்டுக்குப் போட்டார். மாடு அளக்காமல் தின்றது.

"கொப்பி சொல்லுது. எனக்கெண்டா நம்பிக்கை இல்ல," என்று மாட்டிடம் சொல்லிவிட்டு, கை மண்ணைத் தட்டிக்கொண்டு ஆற்றுப் பக்கம் நடந்தார்.

வேலிப் படலையைத் தாண்டியிருப்பார். ஆணச் சட்டியோடு வந்த சின்னத்தங்கம் வெறும் பாத்தியைப் பார்த்து நின்றாள்.

"இஞ்சாருங்க, என்ன வேல பார்த்து வெச்சிரிக்கீங்க? ஷெல்லடிக்குப் பயந்து பங்கருக்குள்ள குந்திக் கிடந்த நாளையில இரிந்து எனக்கு இடுப்பு வளையாது. இனி ஆணத்துக்கு நான் அந்தக் கட்டைச் செடியில குனிஞ்சா பழம் புடுங்குற?"