முட்டை பாவாவின் இரண்டு சட்டிகள்

சாய்ந்தமருதுக் கோழிகளுக்கு அந்த மாதம் ஓய்வே இல்லை. எங்கிருந்தோ வந்து கடற்கரை வீதியில் கூடாரம் அடித்திருந்த முட்டை பாவாவுக்கு ஊர்க்கோழி முட்டைதான் வேண்டுமாம். கடை முட்டைக்கு மறைவான சங்கதிகள் தெரியாதாம்! கல்முனையிலிருந்தும் மருதமுனையிலிருந்தும் ஓட்டோ ஓட்டோவாகச் சனம் வந்து இறங்கியது. படித்தவர்கள் முன்வரிசையில்.

நெல் விதைக்கும் கமக்காரர் அச்சிமுகம்மதுவும் மனைவி றாஹிலாவும் மகள் அப்ராவைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். பிள்ளையின் இதயத்தில் ஓட்டை. கொஞ்சம் ஓடினாலே மூச்சு இரைக்கும். கொழும்பில் சத்திரசிகிச்சை செய்ய வேண்டும் என்ற டொக்டர், நூறு பிள்ளைகளில் ஒன்றிரண்டுக்குச் சிக்கல் வரலாம் என்பதையும் மறைக்காமல் சொல்லியிருந்தார். அந்த ஒன்றிரண்டு அச்சிமுகம்மதுவின் காதுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டது. மிச்சத் தொண்ணூற்றெட்டுப் பிள்ளைகளும் வெளியே நின்றார்கள்.

"டொக்டரே ஆபத்து எண்டு சொல்லிட்டாரா?" பாவா தாடியைத் தடவினார். "பாத்தியா, அவருக்கே நம்பிக்கையில்ல. நம்மளிட்ட ஆபத்தே இல்ல!"

எதிரே இரண்டு கண்ணாடிச் சட்டிகளில் தண்ணீர். முதலாவதில் முட்டையைப் போட்டார். அது அடியில் போய்ப் படுத்தது.

"கத்தி வெச்சா பிள்ளைட கெதி இதுதான்."

றாஹிலா மகளை இறுக அணைத்துக்கொண்டாள்.

அதே முட்டையை எடுத்து, உதட்டை அசைத்து ஏதோ இசிமு ஓதி, இரண்டாவது சட்டியில் விட்டார். முட்டை மிதந்தது!

"சுப்ஹானல்லாஹ்!" என்றது கூட்டம். எல்லோரையும் விட உரத்த குரல் அச்சிமுகம்மதுவினுடையது.

"இந்தத் தண்ணியப் பூசினாப் போதும், ஓட்டை அடைஞ்சிரும். பூசிட்டு மறுகா ஒரு கடா ஆடு கொண்டு வா."

றாஹிலா முட்டையையே பார்த்தாள். தண்ணீருக்கு மேலே அதன் உச்சி வட்டமாகத் தெரிந்தது.

"இஞ்சாருங்க," என்று புருஷனின் காதோரம் குனிந்தாள். "வெதநெல்லுப் பதர் எடுக்க நீங்க உப்புக் கரைக்கக்கொள்ளயும் முட்டை இப்பிடித்தானே மெதக்கிற?"

அச்சிமுகம்மது விழித்தார். போகத்துக்குப் போகம் முட்டை மிதக்கும்வரை உப்பைக் கரைப்பவர் அவர்தான். ஆனால் வயற்காரனின் மூளையை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டல்லவா உள்ளே வந்திருந்தார்!

"பாவா, அந்தத் தண்ணில ஒரு மொடக்குக் குடிச்சுக் காட்டுங்க," என்றார் அச்சிமுகம்மது.

"நான் நோன்பு."

"தாடில அப்பம் ஒட்டியிருக்கே பாவா!"

யாரோ சிரித்தார்கள். அச்சிமுகம்மது அடுத்த கடையில் ஒரு பக்கெட் உப்பு வாங்கி வந்தார். உறையைக் கிழித்து முதலாவது சட்டியில் கொட்டிக் கலக்கினார். பிஸ்மில்லாஹ் சொல்லி அதே முட்டையை விட்டார். அதிலும் மிதந்தது.

"பாவாட இசிமு பக்கெட்டில விக்கிதுடோய்!" என்று முன்வரிசை கத்தியது. ஐந்து நிமிடத்துக்கு முன் பாவாவின் கையை முத்தமிட்ட அதே முன்வரிசை. இப்போது கையை ஓங்கியது.

"அடிக்காதீங்க," அச்சிமுகம்மது குறுக்கே நின்றார். "தலையில தூக்கி வெச்சது நாமதானே? பொலிஸுக்குச் சொல்லுங்க, போதும்."

அன்றே மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். காரைதீவுத் தாதி தர்சிகா கதிரையை இழுத்துப்போட்டு அவர்கள் பக்கத்தில் இருந்தாள்.

"மிஸ், ஆபத்தே இல்லாமச் செய்ய ஏலாதா?" என்றார் அச்சிமுகம்மது.

"ஏலாது நானா," தமையனிடம் பேசுவதுபோல் சொன்னாள் அவள். "பொய் சொல்லமாட்டன். ஆனா செய்யாம விட்டா இதயம் களைச்சுக் களைச்சுப் பழுதாகும். அந்த ஆபத்துப் பெரிசு. ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வெச்சுப் பாருங்க. பயமாயிருந்தா எத்தின தரமும் கேளுங்க."

அவர் கேட்டார். மயக்க மருந்தைப் பற்றி, இரத்தத்தைப் பற்றி, பிள்ளை கண் முழித்ததும் உம்மா பக்கத்தில் இருக்கலாமா என்று. கேட்டதையே திரும்பவும் கேட்டார். அவள் முகம் சுளிக்கவில்லை. கடைசியில் அச்சிமுகம்மது, "எப்ப கொழும்புக்குப் போகணும்?" என்றார்.

ஆபத்தைச் சொல்கிறவர் நம்மை மதிக்கிறார். ஆபத்தே இல்லை என்கிறவர் நம் ஆட்டைப் பார்க்கிறார். அல்லாஹ் நமக்குத் தலையைத் தந்தது தொப்பி போடுவதற்கு மட்டுமல்ல, மக்களே!