வானத்தில் பேசப்போகும் பெட்டி

கீழே விழுந்த பெட்டியை ஸ்டோர் கீப்பர் குனிந்து பார்த்தார். பெட்டி சும்மா கிடந்தது. அவர்தான் வெலவெலத்துப் போயிருந்தார்.

விமானக் கொட்டகையின் ஸ்டோரில் ஆணி, திருகு, ரப்பர் வளையம் என்று எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தவர் அவர். நேற்றுத்தான் இந்தக் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. அரசாங்க விமானத்தில் ஏறப்போவது. நாட்டின் தலைவர் மேகத்துக்கு மேலே உட்கார்ந்துகொண்டு, கீழே இருக்கிற மந்திரிகளோடும் தளபதிகளோடும் இது வழியாகத்தான் பேசுவாராம். புயலடித்தாலும் பேசுவாராம். அதைக் கேட்டதிலிருந்து அவருக்குப் பிரமிப்பு அடங்கவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் தும்மக்கூடப் பயந்தார்.

பன்னிரண்டு மணிக்குச் சோதனை அதிகாரி வருகிறார். அந்த அம்மாள் நல்லவிதமாக நாலு வரி எழுதினால்தான் இவருக்கு வேலை நிரந்தரமாகும். அதற்காகத்தான் பெட்டியைப் பளபளவென்று துடைக்கப் போனார். மேஜைக்கு ஒரு கால் குட்டை. பெட்டி சிமென்ட் தரையில் தொப்பென்று விழுந்தது.

மனைவிக்குப் போன் போட்டார்.

"விழுந்துடுச்சும்மா!"

"யாரு, நீங்களா?"

"நான் விழுந்திருந்தா பரவாயில்லையே! பெட்டி! ஒரே அழுக்கு வேற."

"இதுக்கா இந்தப் பதற்றம்? தண்ணி தொட்டுத் துடைங்க."

வாளியைத் தூக்கும்போது கை வழுக்கியது. முழு வாளியும் பெட்டியின் தலையில் கவிழ்ந்தது. மறுபடியும் மனைவிக்குப் போன்.

"சரி, வெயில்ல வைங்க. துணி காயுது, அது காயாதா?"

வாசலில் கிடந்த தகரத்தின்மேல் வைத்தார். ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டவர் விரலை உதறிக்கொண்டே போனை எடுத்தார்.

"கொதிக்குதும்மா!"

"அப்போ ஃபிரிட்ஜ்ல வைங்க."

"நாட்டோட தலைவர் பேசப்போற பெட்டியை ஃபிரிட்ஜ்லயா?"

"தலைவர் இப்ப அதுக்குள்ளயா உட்கார்ந்திருக்காரு? வைங்கன்னா!"

கேண்டீன் ஃபிரிட்ஜிலிருந்த தண்ணீர் பாட்டில்களையெல்லாம் வெளியே எடுத்துவிட்டுப் பெட்டியை உள்ளே தள்ளினார். பன்னிரண்டு மணிக்கு வெளியே எடுத்தபோது அது முழுக்க முத்து முத்தாக வியர்த்திருந்தது. நிமிர்ந்தால் எதிரே அதிகாரி! பின்னால் கையில் பட்டியலோடு அவருடைய உதவியாளர்.

ஸ்டோர் கீப்பருக்குப் பொய் சொல்ல வரவில்லை. விழுந்தது, நனைந்தது, காய்ந்தது, குளிர்ந்தது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கொட்டித் தீர்த்தார். உதவியாளர் பட்டியலில் ஏதோ குறித்துக்கொண்டே போனார். வேலைக்கு முழுக்குத்தான் என்று இவருக்குப் புரிந்துவிட்டது.

"தப்புத்தான் மேடம். என்ன வேணா எழுதிக்குங்க. பெட்டி பிழைச்சிருக்கான்னு மட்டும் சொல்லிடுங்க."

அதிகாரி பெட்டிக்கு மின் இணைப்பைக் கொடுத்தார். சாவியைச் செருகித் திருப்பினார். பச்சை விளக்கு எரிந்ததும் "ஹலோ" என்றார். கரகரப்பு கொஞ்சமும் இல்லாமல் ஒரு குரல் கேட்டது. "கட்டுப்பாட்டு அறையிலேருந்து பேசுறேன். தெளிவா கேக்குது, சொல்லுங்க."

ஸ்டோர் கீப்பர் பெட்டியின்மேல் குனிந்தார். இத்தனை பாடு பட்டும் பேசுகிறதே! மனிதன் கையால் செய்த பொருளா இது? அந்த மலைப்பில் வேலை போகப்போவதுகூட மறந்துபோயிற்று. கண்ணீர் பொலபொலவென்று பெட்டியின்மேல் கொட்டியது.

உதவியாளர் பேனாவை மறுபடியும் எடுத்தார்.

"மேடம், கீழே போடுறது, நனைக்கிறது, சூடேத்துறது, குளிர வைக்கிறதுன்னு நாம நாலு நாள் தங்கிப் பண்ண வந்த சோதனையெல்லாம் இவரே முடிச்சிட்டாரு, உப்புத் தண்ணி ஒண்ணுதான் பாக்கி, அதையும் இப்ப ஊத்திட்டாரு, டிக் போட்டுடவா?"