ஆமாக்காவின் கை

எனக்குத் தெரிந்து ஆமாக்கா ஒரே ஒருமுறைதான் ஆராய்ச்சிக்கு உண்மையைச் சொன்னார். அன்று நான் நம்பவில்லை. தவறு என்னுடையது.

மருத்துவ மாணவர்களை ஆண்டுதோறும் ஆராய்ச்சிப் பயிற்சிக்காக மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துக்கு அழைத்துப் போவேன். ஆளுக்கொரு தலைப்பு, வழிகாட்டி நான். தொழிலாளர்களின் லைன் வீடுகளில் முதல் கதவு ஆமாக்காவுடையது. கத்தரி பிடித்துக் கொழுந்து வெட்டுபவர். வீடு தேடி வந்தவர்களிடம் 'இல்லை' என்று சொல்வது அவருக்குத் தேநீர் கொடுக்காமல் அனுப்புவதைப் போல. எதைக் கேட்டாலும் ஆமாதான்.

முட்டிவலி ஆராய்ச்சிக்கு நொண்டிக்கொண்டே வந்து பதில் சொன்னார். முடிந்ததும் கிளம்பிய தோட்டத்து லோரியை ஓடிப்போய்ப் பிடித்தார்.

"சிகரெட் குடிப்பீங்களாக்கா?" என்று ஒரு மாணவன் கேட்டான்.

"குடிக்கணுமா தம்பி?" என்றார், மிகுந்த அக்கறையோடு.

நான் ஆமாக்காவைக் கடிந்துகொண்டேன்.

"பச்சப் புள்ளைங்க டாக்டர். இவ்ளோ தூரம் மலையேறி வந்திருக்குங்க. மார்க் வாங்க வேணாமா லா?"

அடுத்த ஆண்டு ஒரு மாணவி கைவலியைப் பற்றி ஆராய வந்தாள்.

"வெரலு மரத்துப் போவுது பாப்பா. கோப்பை கைல நிக்க மாட்டேங்குது. இது நெசம் லா," என்றார் ஆமாக்கா.

நான் சிரித்தேன். "போன வருஷம் முட்டி, இந்த வருஷம் கையா? இவங்க பதில கணக்குலேருந்து எடுத்துடும்மா."

"கைய ஒரு தடவ பாத்துடலாமே சார்?"

"வேணாம். அடுத்த வீட்டுக்குப் போ."

மறு ஆண்டு தேநீர்க் கெண்டியை இரு கைகளாலும் தூக்கிக்கொண்டு வந்தார். வலக்கைக் கட்டைவிரலடியில் சதை குழிந்திருந்தது. மணிக்கட்டில் நரம்பு நெரிந்திருக்கிறது என்று தொடாமலே தெரிந்தது. மாணவர்கள் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டேன். நானே ஈப்போ மருத்துவமனைக்கு அழைத்துப் போய் அறுவை சிகிச்சை செய்வித்தேன். கையைத் தொட்டுப் பார்க்காமல் யார் பதிலையும் நீக்கக் கூடாது என்பது அன்றிலிருந்து என் மாணவர்களுக்கு விதி. கத்தரி பிடிக்கும் பலம் மட்டும் திரும்பவில்லை. ஆமாக்காவைக் கன்று வளர்க்கும் நாற்றுமேட்டு வேலைக்கு மாற்றினார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு அவர் கவலைப்பட்டது ஒன்றுக்குத்தான். "என்னால அந்தப் பாப்பாவுக்கு மார்க் கொறைஞ்சிடுச்சா டாக்டர்?"

போன மாதமும் போயிருந்தேன். "கை எப்படி இருக்கு? இன்னும் மரத்துப் போவுதா?"

ஆமாக்கா என் முகத்தைப் பார்த்தார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் 'இல்லை' அதுதான்.

"இல்லவே இல்ல டாக்டர். சுத்தமா சரியாயிடுச்சு."

சொல்லிவிட்டு, தேநீர்க் கோப்பையை இடக்கையால் நீட்டினார்.